இரும்படுப்பின் கருமை: பழைய விறகடுப்பின் துப்புரவும் செப்பனிடலும் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

பொருள்சார் பண்பாட்டின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவியை முதலில் ஆக்கியவர் யார், எவ்வாண்டில் ஆக்கினார், அதற்கு முன்னிருந்ததைவிட இஃது எவ்வகையிற் சிறந்தது என்னும் வினாக்களுக்கு விடை கண்டதும் வரலாற்றாசிரியரின் பணி முடிந்துவிடுகின்றது. ஆயின் எக்கருவியும் தான் ஆக்கப்பட்ட நாளிலன்றி, அதன் பின்வரும் பல்லாயிரம் நாட்களிலேயே வாழ்கின்றது. அந்நாட்களில் அதனைத் துடைத்தும் சுரண்டியும் உடைந்த உறுப்பை மாற்றியும் பேணியோர் யாவர் என்று வினவும்போது, அதே கருவியின் வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. இக்கட்டுரையில் ஐக்கிய அமெரிக்காவின் வார்ப்பிரும்பு விறகடுப்பை எடுத்துக்கொண்டு, அதன் துப்புரவும் செப்பனிடலும் யாருடைய உழைப்பாக அமைந்தன என்பதை நோக்க முனைகின்றோம். தொலைதூர நாடொன்றின் அடுப்பு இலங்கை வாசகருக்கு எதற்கு என்னும் ஐயம் எழலாம். அவ்வடுப்பின் மேனியிற் பூசப்பட்ட கருமையில் ஒரு பங்கு இத்தீவின் நிலத்தடியிலிருந்து சென்றது என்பதே அதற்கு எமது விடை.

முதலில் வேலையின் தன்மையை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். வார்ப்பிரும்பு அடுப்பு ஒற்றைப் பொருளன்று. தனித்தனியே வார்க்கப்பட்ட தகடுகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டு, நீண்ட ஆணிகளால் இறுக்கப்பட்டு, இடைவெளிகள் சாந்தினால் அடைக்கப்பட்ட ஒரு கூட்டு. சூடேறும்போது தகடுகள் விரிகின்றன, ஆறும்போது சுருங்குகின்றன. இவ்வாறு பல பருவங்கள் கழிந்ததும் சாந்து உதிர்கின்றது. உதிர்ந்த இடைவெளி வழியே வேண்டாத காற்று உட்புக, விறகு கட்டுக்கடங்காது எரிகின்றது. விறகைத் தாங்கும் இரும்புத் தட்டி வளைந்து வெடிக்கின்றது. மறுபுறம், ஈரவிறகை மந்தமாக எரிப்பின் புகையிலுள்ள ஆவிகள் குளிர்ந்த குழாயின் உட்புறத்திற் தார்போலப் படிகின்றன. கிரியோசோற்று எனப்படும் இப்படிவு தீப்பற்றின் புகைபோக்கி முழுவதுமே எரியக்கூடும்.

ஆகவே பழைய அடுப்பைச் செப்பனிடுவோர் குழாய்களைக் கழற்றிச் சுரண்டுகின்றனர். கனல் சுற்றிச் செல்லும் உள்வழிகளிற் தேங்கிய சாம்பரை வாரியெடுக்கின்றனர். பழைய சாந்தை உளியால் அகற்றிப் புதிது இடுகின்றனர். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்க்கின்றனர். ஈற்றில், பென்சிற்கரி எனவும் வழங்கும் காரீயத்தைக் குழம்பாக்கி மெல்லெனப் பூசி, துணியால் தேய்த்து மெருகேற்றி, சிறுநெருப்பு மூட்டி அதனைப் பதப்படுத்துகின்றனர். சாதாரண வர்ணம் கருகி உரிந்துவிடும். எண்ணெய் மாத்திரம் பூசின் புகைந்துபோகும். காரீயமோ அடுப்பின் வெப்பத்தைத் தாங்கி, இரும்பின் கரடுமுரடான மேற்பரப்பிற் பற்றிக்கொண்டு துருவைத் தடுக்கின்றது. ஆனால் அது நிலைத்திருப்பதில்லை. வாரந்தோறும், சில வீடுகளில் அதனினும் அடிக்கடி, இவ்வேலை மீண்டும் செய்யப்படவேண்டியிருந்தது.

நமது ஊர்களின் மண்ணடுப்பு வெடித்தால், அதனைப் பிசைந்த அதே கை அதே மண்ணை எடுத்து மெழுகிவிடும். இரும்படுப்பின் செப்பனிடலோ அடுக்களையைக் கடந்து வார்ப்படச்சாலை வரை, சுரங்கம் வரை நீள்கின்றது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

வட அமெரிக்காவில் இவ்வடுப்பின் தொடக்கம் பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மானியரிடம் காணப்படுகின்றது. விவிலியக் காட்சிகள் புடைப்பாக வார்க்கப்பட்ட ஐந்து தகடுகளைக் கொண்ட அவர்களது அடுப்பு, ஓர் அறையின் சுவரோடு ஒட்டி நின்றது. அதன் வாய் சுவருக்கு அப்பால், அடுக்களைப் பக்கமாக இருந்தது. விறகு இடுவதும் தணலையும் சாம்பரையும் வாரியெடுப்பதும் அடுக்களையிலிருந்தே நிகழ்ந்தன. வீட்டார் கூடியிருந்த அறைக்கு வெப்பமும் சித்திரமும் மட்டுமே வந்து சேர்ந்தன. ஹென்றி மேர்சர் 1914இல் இத்தகடுகளைப் பற்றி எழுதிய நூல் அவற்றின் சித்திரங்களை மிக நுணுக்கமாக ஆராய்கின்றது. சுவரின் மறுபுறத்திற் சாம்பர் வாரியவர் இத்தகைய ஆய்வுகளின் எல்லைக்குள் வருவது அரிதே.

பெஞ்சமின் பிராங்கிளினின் கதை யாவரும் அறிந்தது. 1740களின் தொடக்கத்தில் அவர் அமைத்த ‘பென்சில்வேனியக் கணப்பு’ பற்றி 1744இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஆளுநர் வழங்க முன்வந்த தனியுரிமையை ஏற்க மறுத்தார். அவருடைய நண்பர் றொபேட் கிறேஸ் தமது உலையில் அதற்கான தகடுகளை வார்த்தார். தனியுரிமையை மறுத்த பெருந்தன்மை பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. பென்சில்வேனியாவின் இரும்பு உலைகளில் அடிமைகளும் ஒப்பந்தத்தாற் கட்டுண்ட வேலையாட்களும் உழைத்தனர் என்பது அதே பாடநூல்களில் அத்துணை எளிதிற் காணக்கிடைப்பதில்லை. வேறொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பிராங்கிளினின் அமைப்பிற் புகை முதலிற் கீழிறங்கி, தரைக்கு அடியாகச் சென்று, பின்னரே புகைபோக்கியில் ஏறவேண்டியிருந்தது. புகைவழி போதிய சூடேறாதபோது புகை அறைக்கே திரும்பிற்று. பயன்படுத்தியோரும் வார்ப்போரும் உள்ளமைப்பைக் கைவிட்டு அதனை எளிமையாக்கினர். இன்று ‘பிராங்கிளின் அடுப்பு’ என்ற பெயரில் வழங்குவது அவர் வரைந்த அடுப்பன்று. பெயர் அவருடையது, அடுப்பு அதனைத் திருத்தியவர்களுடையது. செப்பனிடலைக் கண்டுபிடிப்பின் பின்னர் வரும் ஒரு சில்லறை வேலையாகக் கருதும் போக்கிற்கு இதனைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இரும்படுப்பு பரவுவதற்கு முன்னர் அகன்ற செங்கற் புகைபோக்கிகளின் துப்புரவு சிறுவர்களின் தொழிலாக இருந்தது. இலண்டனின் ஏறுசிறுவர் பற்றி நாம் ஆங்கில இலக்கியத்தின் வாயிலாக ஓரளவு அறிவோம். அவர்களிடையே வளர்ந்தபின் தோன்றிய புற்றுநோய்க்கும் புகைக்கரிக்கும் உள்ள தொடர்பை மருத்துவர் பேர்சிவல் பொற் 1775இல் எடுத்துக்காட்டினார். தொழில்வழிப் புற்றுநோய் ஒன்று இனங்காணப்பட்ட முதற் சந்தர்ப்பம் அது. ஆயினும் 1788ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கம் 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அக்கொடுமை அங்கு நின்றது. இலண்டன் எரித்தது நிலக்கரியை. விறகெரித்த அமெரிக்க நகரங்களில், நியூ யோர்க்கிலும் பிலடெல்பியாவிலும் சாள்ஸ்ரனிலும், இத்தொழிலைச் செய்தோர் பெரும்பாலும் கறுப்பினச் சிறுவர்களே. தென்பகுதியில் அவர்கள் அடிமைகளாக இருந்தனர். வடபகுதியிற் சட்டத்தின்படி விடுதலை பெற்றிருந்தோரும் வேறு தொழிலுக்கு இடமின்றி இதனைச் செய்தனர். நகரத்தின் தீப்பாதுகாப்பு அவர்களின் முழங்கால்களிலும் நுரையீரல்களிலும் தங்கியிருந்தது.

அடுப்பும் அதன் ஒடுங்கிய குழாயும் வந்தபோது சிறுவன் ஏறவேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. முற்போக்கு என்று இதனை வரவேற்பதில் எமக்குத் தயக்கமில்லை. ஆனால் புகைக்கரி மறைந்துவிடவில்லை. முன்னர் கூலிக்கு அழைக்கப்பட்ட ஒருவன் வெளியே கொண்டுசென்ற கரி, இப்போது வீட்டினுள்ளேயே கழற்றப்படும் குழாயிலிருந்து தரைவிரிப்பில் உதிர்ந்தது. கூலியுள்ள உழைப்பாக இருந்ததில் ஒரு பகுதி கூலியற்ற உழைப்பாக மாறி, வீட்டுப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது என்பதே எமது துணிபு.

ரூத் சுவாற்ஸ் கவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மிகவும் பயன்படுகின்றது. திறந்த கணப்பைவிட அடுப்புக்குக் குறைந்த விறகே போதியதாயிருந்தது. விறகு வெட்டுவதும் பிளப்பதும் சுமப்பதும் ஆண்களின் வேலையாதலால், மிச்சமான உழைப்பு ஆண்களுடையது. பெண்ணுக்கோ அடுப்பின் பல வாய்களில் ஒரே வேளையிற் பல உணவுகளைச் சமைக்கும் புதிய எதிர்பார்ப்பும், அடுப்பையே மெருகேற்றும் புதிய வேலையும் சேர்ந்தன. இக்கருத்தைச் சிலர் மிகைக்கூற்றாகக் கொள்ளலாம். அவர்கட்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பொஸ்ரன் நகரின் மனையியற் பள்ளியொன்று நிலக்கரி அடுப்பொன்றை ஆறு நாட்கள் பயன்படுத்தி எடுத்த கணக்கை எடுத்துக்காட்டலாம். சாம்பர் சலிக்க 20 நிமிடம். நெருப்பு அடுக்க 24 நிமிடம். நெருப்பைக் கவனிக்க 1 மணி 48 நிமிடம். சாம்பர் அகற்ற 30 நிமிடம். கரி சுமக்க 15 நிமிடம். அடுப்புக்குக் கருமை பூசி மெருகேற்ற 2 மணி 9 நிமிடம். மொத்தம் 5 மணி 26 நிமிடத்தில் மிகப்பெரிய கூறு சமையலுக்கு நேரடியாக எவ்வகையிலும் உதவாத மெருகேற்றலே. வசதி படைத்த வீடுகளில் இதனைச் செய்தோர் வடபகுதியிற் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த பணிப்பெண்கள். தென்பகுதியிற் கறுப்பினப் பெண்கள். அடுப்புக் கருமை விற்றோர் வெளியிட்ட வண்ண விளம்பர அட்டைகள் பலவற்றிற் கறுப்பின மக்கள் கேலிப்பொருளாக வரையப்பட்டமை தற்செயலானதன்று. பூசப்படும் பொருளின் நிறத்தையும் பூசும் மனிதரின் நிறத்தையும் ஒன்றாக்கிச் சிரிக்கவைப்பதே அவற்றின் உத்தி.

இனி அக்கருமை எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். ஜோசப் டிக்சன் 1827இல் மசாச்சுசெற்ஸின் சேலம் நகரிற் தொடங்கிய தொழிலின் முதற்பொருள்களுள் அடுப்புக் கருமையும் ஒன்று. 1847இல் அத்தொழில் ஜேர்சி சிற்றிக்குப் பெயர்ந்தது. உலோகம் உருக்கும் காரீயக் குகைகளால் அது பெரும் நிறுவனமாயிற்று. இக்குகைகளுக்கு மிக உகந்ததாகக் கருதப்பட்டது இலங்கையின் காரீயம். பாறைப் பிளவுகளில் நரம்புபோல ஓடும் இத்தூய காரீயம் வணிக அளவிற் கிடைக்கும் இடம் உலகில் இலங்கையைத் தவிர வேறில்லை எனலாம். குருநாகல், கேகாலை, களுத்துறை, காலி, இரத்தினபுரிப் பகுதிகளிலிருந்து தோண்டப்பட்ட அது, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடக்கம் ஏற்றுமதியாகி, அந்நூற்றாண்டின் இறுதியளவில் ஐக்கிய அமெரிக்காவைத் தன் பெருஞ்சந்தைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது.

கொழும்பின் காரீய முற்றங்களில் அது பெருங்கட்டி, சாதாரண கட்டி, சில்லு, தூள், பறக்கும் தூள் எனத் தரம் பிரிக்கப்பட்டது. கட்டிகள் குகைகளுக்குச் சென்றன. தாழ்ந்த தரத் தூள்கள் வார்ப்பட அச்சுக்களுக்கு முகப்பூச்சாகவும் அடுப்புக் கருமையாகவும் பயன்பட்டன. அமெரிக்க அடுப்புக்களை மூடிய கருமை முழுவதும் நம் நாட்டினது என்று உரிமை கொண்டாடுவது தவறாகும். மலிவான பிறநாட்டுக் காரீயமும் அந்நாட்டின் சொந்தக் காரீயமும் அதிற் கலந்தே இருந்தன. ஆனால் அடுப்பு என்னும் பொருளினுள் காரீயம் இருமுறை நுழைகின்றது என்பது கவனத்துக்குரியது. வார்க்கப்படும்போது உருகிய இரும்பு மணலில் ஒட்டாதவாறு அச்சின் முகத்திற் தூவப்படுகின்றது. பின்னர் வாழ்நாள் முழுவதும் மேனியிற் பூசப்படுகின்றது.

இத்தூளின் மறுமுனையில் இருந்தோர் யாவர்? சுரங்கங்கள் பல தொடக்கத்தில் ஒடுங்கிய குழிகளே. கொடியாலும் கயிற்றாலும் கட்டிய மர ஏணிகளில் இறங்கி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையிடையே, கூலிக்கு வந்த சிங்களக் கிராமத்தவர் தோண்டினர்; கட்டிகளும் நிலத்தடி நீரும் கையாற் சுழற்றும் உருளையில் மேலே இழுக்கப்பட்டன. நீராவி இயந்திரங்கள் பெரிய சுரங்கங்களுக்கு மட்டுமே, அதுவும் பிந்தியே வந்தன. கொழும்பு முற்றங்களிற் கட்டியை உடைத்தும் சலித்தும் தேய்த்தும் தரம்பிரித்தோருட் பெரும்பாலார் பெண்கள். முகமும் கைகளும் கரிய மினுக்கமேறிய அப்பெண்களும், பொஸ்ரனில் மண்டியிட்டு அடுப்பைத் தேய்த்த பணிப்பெண்களும் ஒரே தூளைக் கையாண்டனர். ஒருவரையொருவர் அறிய அவர்களுக்கு வழியேதும் இருக்கவில்லை. பண்டத்தின் இயல்பு அத்தகையது.

இலங்கை முதலாளி வகுப்பின் தோற்றத்தை ஆராய்ந்தோர், குறிப்பாகக் குமாரி ஜயவர்த்தன, சாராயக் குத்தகையோடு காரீயத்தையும் அவ்வகுப்பின் மூலதனத் திரட்சிக்குரிய வழிகளுள் ஒன்றாக இனங்கண்டுள்ளனர். நாட்டின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் குடும்பமும், மூன்றாம் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையின் குடும்பமும் காரீயத்தாற் செல்வம் பெற்றவை. முதல் உலகப் போரின் நடுவே, 1916இல், ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. போர் முடிந்ததும் சந்தை சரிந்தது, மடகாஸ்கரின் போட்டியும் சேர்ந்தது. இவையெல்லாம் ஓரளவு எழுதப்பட்டுள்ளன. ஆனால் நமது ஆய்வுகள் பெரும்பாலும் காரீயம் கொழும்புத் துறைமுகத்தை நீங்குவதோடு நின்றுவிடுகின்றன. பண்டம் விலையாகும்வரை மட்டுமே அதனைப் பின்தொடர்தல் வணிகரின் கண்ணோட்டம். வரலாற்று மாணவர் அதற்கப்பாலும் செல்லவேண்டியவர்.

செப்பனிடலின் மறுபக்கமாகிய வார்ப்படச்சாலைக்கு வருவோம். அடுப்பின் ஒவ்வொரு தகட்டிலும் ஆக்கியோர் பெயரும் உறுப்பின் எண்ணும் வார்க்கப்பட்டிருக்கும். தட்டி வெடித்தால் அவ்வெண்ணைக் கொண்டே மாற்றுறுப்பைப் பெறமுடியும். அவ்வுறுப்பை வார்க்க அதன் மாதிரியுரு வேண்டும். மாதிரியுரு யார் கையில் உள்ளதோ, பழைய அடுப்பின் ஆயுள் அவர் கையில் உள்ளது. ஆக்கியோர் தொழிலைக் கைவிட்ட அடுப்புக்களைச் செப்பனிடுவோர் இன்று வெடித்த பழைய உறுப்பையே மாதிரியாக மணலில் அழுத்தி வார்க்கின்றனர். இரும்பு ஆறும்போது சுருங்குவதால் அவ்வாறு பெறும் உறுப்பு சற்றுச் சிறுத்தே அமையும். அனுபவமுள்ளோர் அதற்கேற்ப விளிம்பைக் கூட்டிக்கொள்கின்றனர்.

இதே மாதிரியுரு தொழிலாளர் வரலாற்றிலும் ஒரு தீர்க்கமான இடத்தைப் பெற்றது. அடுப்பு வார்ப்போர் அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடிகள். 1859இல் உருவான அவர்களது தேசியச் சங்கத்தைக் கட்டியெழுப்பிய வில்லியம் சில்விஸ், 1869இல் இறக்கும்போது தேசியத் தொழிலாளர் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். நியூ யோர்க் மாநிலத்தின் ட்றோய் நகரில் அடுப்பு வார்ப்போர், 1864இற் சங்கம் அமைத்த சலவைப் பெண்களுக்குத் துணை நின்றனர். 1887இற் சென் லூயிஸ் நகரின் பிறிட்ஜ், பீச் வார்ப்படச்சாலையில் வேலைநிறுத்தம் மூண்டபோது, முதலாளிகள் அங்கிருந்த மாதிரியுருக்களைத் தமது கூட்டமைப்பைச் சேர்ந்த பிற நகரச் சாலைகளுக்கு அனுப்பினர். அங்கிருந்த தொழிலாளர் அவற்றைத் தொட மறுத்தனர். பூசல் சாலைதோறும் பரவியது. இருசாராரும் மற்றவரை முறியடிக்க இயலாமையை உணர்ந்ததன் விளைவாகவே 1891இல் தேசிய அளவிலான ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்நாட்டில் இத்தகைய ஒப்பந்தங்களுள் அது மிக முற்பட்டது. ஒரு மரத்துண்டைத் தொட மறுத்தல் எத்துணை வலிய ஆயுதமாகலாம் என்பது இதனாற் புலனாகும்.

மெருகேற்றுவோரின் போராட்டம் இன்னும் கசப்பானது. அடுப்பின் நிக்கல் பூசிய விளிம்புகளைச் சக்கரத்தில் தேய்த்து ஒளியூட்டிய தொழிலாளர், சென் லூயிஸின் பக்ஸ் அடுப்பு நிறுவனத்தில் ஒன்பது மணி நேர வேலைநாளுக்காக 1906இல் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் வான் கிளீவ், தேசிய உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவருமாவார். அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் 1907இற் பக்ஸ் அடுப்புக்களை வாங்கலாகாதவற்றின் பட்டியலிற் சேர்த்துத் தன் ஏட்டில் வெளியிட்டது. நீதிமன்றம் அப்பகிஷ்கரிப்பைத் தடுத்தது. பட்டியலை அச்சிடுவதும் பேசுவதும்கூடக் குற்றமெனப்பட்டது. 1908 டிசெம்பரிற் சாமுவெல் கொம்பேர்ஸுக்கு 12 மாதமும், ஜோன் மிற்சலுக்கு 9 மாதமும், பிராங் மொறிசனுக்கு 6 மாதமும் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை விதிக்கப்பட்டது. 1911இல் உயர் நீதிமன்றம் இத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் நீக்கியது நடைமுறைக் காரணத்தாலேயன்றி, பகிஷ்கரிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டதாலன்று. வீட்டில் ஒரு பெண் கூலியின்றி இரண்டு மணி நேரம் தேய்த்த மெருகுக்கும், ஆலையில் ஓர் ஆண் ஒன்பது மணிக்கு மேல் தேய்க்க மறுத்த மெருகுக்கும் இடையிலுள்ள தொடர்பை அக்காலச் சங்கங்கள் கண்டுகொண்டனவெனச் சொல்வதற்கில்லை. அவற்றின் பார்வையில் அடுக்களை வேலைத்தலமாகவே எண்ணப்படவில்லை.

பின்னர் பீங்கான் மெருகிட்ட அடுப்புக்களும் எரிவாயுவும் மின்சாரமும் வந்தன; கருமை பூசும் வேலை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் தேய்ந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி பழைய அடுப்புக்களைக் களஞ்சியங்களிலிருந்து மீண்டும் வெளியே கொணர்ந்தது. காற்றை இறுக அடைத்து மந்தமாக எரிக்கும் பழக்கத்தால் கிரியோசோற்றுத் தீவிபத்துக்களும் புகை மாசும் பெருகின. 1988இற் புதிய விறகடுப்புக்களுக்கு வெளியேற்ற வரையறைகள் விதிக்கப்பட்டன. பழையவை அவற்றிற்கு உட்படவில்லை. அவற்றைச் செப்பனிடுவது இன்று பெரும்பாலும் பழம்பொருள் விரும்பிகளின் ஓய்வுநேர ஈடுபாடாக உள்ளது. அவர்கள் கட்டாயமின்றிச் செய்வதால் அவ்வேலை இன்பமாக அமைகின்றது. வேலை மாறவில்லை, அதன் சமூக உறவே மாறியுள்ளது.

எனினும் அவர்களுக்கும் ஓர் இடர் காத்திருக்கின்றது. பல பழைய அடுப்புக்களின் கதவோரத்தில் காணப்படும் வெண்சாம்பல் நிறக் கயிறு அஸ்பெஸ்ரஸ் நாரினால் ஆனதாயிருக்கக்கூடும். பழைய சாந்திலும் அது கலந்திருக்கலாம். உலர்ந்த நிலையிற் சுரண்டின் கண்ணுக்குப் புலப்படாத இழைகள் மூச்சோடு உட்சென்று, பல்லாண்டுகளின் பின் நோயாக வெளிப்படும். பரிசோதித்து அறியும்வரை அதனைச் சுரண்டாது விடுதலும், அகற்றுவதாயின் ஈரமாக்கி, அத்தொழில் அறிந்தோரைக் கொண்டு அகற்றுவித்தலுமே தக்கன. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் அஸ்பெஸ்ரஸ் நூற்ற பெண் தொழிலாளி ஒருவரின் 1924ஆம் ஆண்டு மரணத்தின் பின்னரே மருத்துவ உலகம் இந்நோயை உற்றுநோக்கத் தொடங்கியது; அங்கு அதனைக் கட்டுப்படுத்தும் முதல் விதிகள் 1931இல் வந்தன. அக்கயிற்றை முறுக்கியோரின் வரலாறு தனியே ஆராயப்படவேண்டியதொன்றாகும்.